கை நனைக்காத விருந்தாளிகள்

மழையின் மேல் வேலுத்தாய்க்கு அப்படி ஒரு கோபம் அதுவரைக்கும் வந்ததில்லை. ஐப்பசி மழை இல்லாவிட்டால் கண்மாய் நிறையாது, கண்மாய் நிறையாவிட்டால் தேவதானத்தில் நெல் கிடையாது, நெல் இல்லாத வருஷத்தில் தன் மெஸ்ஸுக்குச் சாப்பிட வருகிற ஆளும் கிடையாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் பெண் பார்க்க வந்தவர்கள் காரில் ஏறிப் புறப்பட்ட பிறகா இப்படி வானம் பொத்துக்கொண்டு ஊற்ற வேண்டும்? போன கார் கால் மணி நேரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து வாசலில் நின்றது.

"தெக்க ஓடைத் தண்ணி ரோட்டுல ஏறிருச்சு. பஸ்ஸையே நிப்பாட்டிட்டாங்க" என்றான் பாண்டிதுரை, கார்க் கண்ணாடியை இறக்கி. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கிறவன். முப்பத்தெட்டு வயது. மாப்பிள்ளை இவன்தான், அதாவது ஆகலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவாகாத மாப்பிள்ளை.

"வடக்க போயி ராஜபாளையத்துல தங்கிக்கிடலாமே, தம்பி" என்றார் வேலுத்தாயின் வீட்டுக்காரர் ஐயாதுரை.

"அங்கிட்டு சேத்தூர்ப் பக்கம் புளியமரம் சாஞ்சு குறுக்க கெடக்காம், ஐயா. விசாரிச்சுட்டுத்தான் வாரோம்."

பின் சீட்டில் அவன் அம்மா குருவம்மாள் முழங்காலைப் பிடித்தபடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வந்த வீட்டுக்கே திரும்பி வந்து நிற்பதில் அவளுக்குச் சம்மதமே இல்லை என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்கப் போகிற வீட்டில், பேச்சு முடிகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். ஊருக்கு ஊர் இதில் கூடக்குறையச் சலுகை உண்டு. சில பேர் காப்பி குடிப்பார்கள், சில பேர் மிக்சரைக் கொறிப்பார்கள். குருவம்மாளிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் மகனுக்குப் பெண் பார்த்த ஒரு வீட்டில் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து, நாலாம் நாள் அவர்கள் "தோதுப்படாது" என்று சொல்லியனுப்பியதில் ஊர் முன்னால் தலைகுனிந்தவள். அன்றிலிருந்து முடிவாகாத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை. இன்றைக்கும் கட்டுச்சோறு கொண்டுவந்து, வழியில் காரை நிறுத்தித் தின்றுவிட்டுத்தான் படியேறியிருந்தாள். போகும்போது, "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்" என்று எழுந்துகொண்டாள். வேலுத்தாய் போட்ட காப்பி மேஜைமேல் ஆடை படிந்து கிடந்தது.

வேலுத்தாய் அந்தக் காப்பியைக் கொட்டும்போது அழுகையை அடக்கிக்கொண்டாள். இது மூன்றாவது காப்பி. மகள் யுவராணிக்கு முப்பத்து மூன்று வயது. முதல் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் போய் முடிந்தது. கட்டினவன் வேறொருத்தியோடு போய்விட்டான், அவ்வளவுதான் கதை. திரும்பி வந்தவள் ஒரு நாள்கூட மூலையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு மெஸ்ஸில் இறங்கினாள். மேலே நாலு ரூம், கீழே சாப்பாட்டுக் கூடம், அதற்குப் பின்னால் அடுப்படி, அடுப்படிக்குப் பின்னால் அவர்கள் மூவரும் படுக்கிற ஒற்றை அறை. சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர்களும் மாங்காய் வியாபாரிகளும் இவள் கை ரசத்துக்காகவே இங்கே ரூம் போட ஆரம்பித்தார்கள்.

அதுவே வினையாகவும் வந்தது. சித்திரையில் மடவார் வளாகத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன கூட்டத்தில் ஒருத்தி, வாசலில் செருப்பு மாட்டும்போது, "போறவன் வாரவனுக்கெல்லாம் எல போட்ட கை, நமக்கு ஒத்து வருமா?" என்று சொன்னது வேலுத்தாயின் காதில் விழுந்தது. மகளிடம் அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து கூடத்தில் ஒவ்வொரு இலை விழும்போதும் அவளுக்கு அந்தப் பேச்சே திரும்பத் திரும்பக் கேட்டது. தன் மகளை யாராவது நல்லவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் போதும், அதற்கப்புறம் மெஸ்ஸை இழுத்து மூடினாலும் சரி என்கிற இடத்துக்கு வந்திருந்தாள்.

ஆக, மழை கொண்டுவந்து விட்ட இந்த இரண்டு பேரையும் என்ன முறையில் உள்ளே கூப்பிடுவது என்று அவள் தவித்து நிற்கும்போது ஐயாதுரை மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர்.

"ரூம் வாடகை எண்ணூறு, தம்பி. ஆதார் நகல் இருக்கா?"

வேலுத்தாய் பதறினாள். "ஏங்க, சம்பந்தம் பேச வந்தவியட்ட போயி ஆதார் கேக்கீகளே! ஒங்களுக்குக் கிறுக்கா?"

"எவியளா இருந்தா என்னட்டி? நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ?"

ஆச்சரியமாகக் குருவம்மாளின் முகம் தெளிந்தது. "அண்ணாச்சி சொல்றது சரிதான். முறைன்னா முறைதான். எடுத்துக் குடுலே, பாண்டி" என்றாள். "வாடகைக்குத் தங்குனா அது லாட்ஜு. அதுல ஒண்ணும் கொறையில்ல."

"அப்படிப் பாத்தா சாப்பாடும் ஓட்டல்தான, அம்மா? எல போடச் சொல்லட்டா?" என்றார் ஐயாதுரை, வாய்ப்பை விடாமல்.

"அதெப்படி? ஒங்களுக்குன்னு வீட்டுக்குத் தனியா அடுப்பு இருக்கா?"

"இல்ல. எல்லாம் ஒரே அடுப்புதான்."

"அப்ப அது வீட்டு அடுப்பு. வீட்டு அடுப்புல பொங்குன சோறு வீட்டுச் சோறு."

"காசு குடுத்துத் தின்னா?" என்றான் பாண்டிதுரை.

இதற்கு வேலுத்தாயே பாய்ந்தாள். "நல்லாருக்கே! பொண்ணு பாக்க வந்தவியட்ட காசு வாங்கிக்கிட்டுச் சோறு போட்டேன்னா ஊரு காறித் துப்பாதா? சும்மா சாப்பிடுறதுன்னா சாப்பிடுங்க. காசு நான் தொட மாட்டேன்."

"சும்மா நாங்க திங்க மாட்டோம்" என்றாள் குருவம்மாள்.

இரண்டு பெண்களும் சேர்ந்து ஒருவழியாக யாரும் சாப்பிடக் கூடாது என்கிற முடிவுக்கு வந்தார்கள். எதிரில் இருந்த டீக்கடை மழைக்கு முன்பே அடைத்தாயிற்று. கரண்டும் போய்விட்டது. கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு குருவம்மாள் மகனைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

இருட்ட ஆரம்பிக்கும்போது, நிறுத்தி வைத்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் நனைந்துகொண்டே மெஸ்ஸைத் தேடி வந்தார்கள். கைப்பிள்ளைக்காரி, கண்டக்டர், கோர்ட் வாய்தாவுக்குப் போய்த் திரும்பிய வயசாளிகள் என்று கூடம் நிறைந்துவிட்டது. யுவராணி பெரிய உலையை ஏற்றினாள். மிளகு ரசம், கத்திரிக்காய்க் கூட்டு, சுட்ட அப்பளம். அவ்வளவுதான் முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ரசத்துக்குத் தாளித்த வாசனை படியேறி மாடிக்குப் போனதை வேலுத்தாயால் தடுக்கவா முடியும்? போகட்டும், நன்றாகப் போகட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. தொட்டி காலி. ஐயாதுரை கொல்லை அடிபம்பில் இரண்டு குடம் அடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். செத்த நேரம் கழித்து வேலுத்தாய் பார்க்கும்போது பம்பின் கைப்பிடியை அடித்துக்கொண்டிருந்தது பாண்டிதுரை. வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் ஒரு உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தான். நிறைந்த குடங்களை யுவராணி வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரூம் எடுத்தவிய. ஒங்கள வேல வாங்கினா எங்கப்பா வாடகையக் கொறைக்கணுமேன்னு கவலப்படுவாரு" என்றாள் யுவராணி.

"மேல ஒக்காந்து மழையப் பாத்துட்டிருந்தா பசிதாங்க எடுக்கு. இங்க வந்தா அது தெரியல."

"தண்ணியாவது குடிங்களேன். நீங்க அடிச்ச தண்ணிதான்."

"குடிக்கலாம். எங்கம்மாவுக்கு மாடியிலேருந்தே மூக்குல வேர்த்துரும்."

யுவராணி சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற வேலுத்தாய்க்கு அந்தச் சத்தம் கேட்டுக் கண் நிறைந்துவிட்டது. இந்தச் சிரிப்பு இந்த வீட்டில் கேட்டு எத்தனை காலமாயிற்று! கூடவே பயமும் பிடித்துக்கொண்டது. ஆசை காட்டிவிட்டு இவர்களும் காலையில் "சொல்லியனுப்புதோம்" என்று போய்விட்டால்?

பஸ்காரர்கள் முதல் பந்தி எழுந்ததும் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். வெளிச்சம் கொடுக்கிற சாக்கில் அந்த அம்மாளிடம் நாலு நல்ல வார்த்தை பேசிப் பார்க்கலாம் என்பது எண்ணம். கதவு சாத்தாமல் இருந்தது. குருவம்மாள் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்த்து ரவிக்கை நனைந்திருந்தது. கை வெடவெடவென்று ஆடியது.

"அக்கா, என்னக்கா செய்யுது?"

"ஒண்ணுல்ல... சுகர் மாத்தர போட்டேன். எங்கயாச்சும் கட தொறந்திருக்கும்... சாப்பிட்டுக்கிடலாம்னு..." நாக்கு குழறியது. பிஸ்கட் பொட்டலம் காலியாகத் தரையில் கிடந்தது.

"ஏட்டி யுவராணி! சீனித் தண்ணி கொண்டாட்டி, ஓடியா!"

யுவராணி இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள். பின்னாலேயே பாண்டிதுரை சொட்டச் சொட்ட வந்தான். யுவராணி கட்டிலில் உட்கார்ந்து குருவம்மாளின் தலையை மடிமேல் தூக்கி வைத்து டம்ளரை வாயில் வைத்தாள். அந்த நிலைமையிலும் அந்த மனுஷி உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாளே பார்க்கணும்!

"வாயத் தொறங்கம்மா" என்று யுவராணி அதட்டினாள். "இது சாப்பாடு இல்ல, மருந்து. முழுங்குங்க. பொறவு எம்புட்டு நேரம் வேணும்னாலும் சண்ட போடுவோம்."

அதட்டலுக்குப் பயந்தோ என்னவோ உதடு திறந்தது. ஒரு டம்ளர் முழுக்க இறங்கியதும் கை ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வேலுத்தாய் கீழே ஓடி, சுடுசோற்றைக் குழையப் பிசைந்து ரசம் ஊற்றிக் கொண்டுவந்தாள். யுவராணி ஊட்டினாள். குருவம்மாள் முதல் வாய்க்குக் கண்ணை மூடினாள், இரண்டாவது வாய்க்குத் திறந்தாள், மூன்றாவதுக்கு, "அப்பளம் இருக்குன்னு வாசம் வந்துச்சே?" என்று கேட்டாள். பாண்டிதுரை திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். மழைத் தண்ணீர் மட்டும்தான் அது என்று வேலுத்தாய் நினைக்கவில்லை.

வட்டில் காலியானதும் குருவம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "மதினி" என்றாள். வேலுத்தாய் யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தாள். "ஒன்னத்தான், மதினி. ஒம் மக கையால தின்னுட்டேன். இனிப் பேச்சு என்ன கெடக்கு? தை மாசம் நாளு பாத்துருவோம்."

வேலுத்தாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. ஆத்தா, ஆண்டாளே என்று கையெடுத்துவிட்டாள். அப்போதுதான் மகளின் முகத்தைப் பார்த்தாள். யுவராணி வட்டிலையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"அம்மா" என்றான் பாண்டிதுரை. "கெறங்கிக் கெடந்தவளுக்கு ஊட்டுனதுக்குப் பேரு சம்மதமா? பஸ்ஸுல வந்த யாரு விழுந்திருந்தாலும் அவிய ஊட்டத்தான் செஞ்சிருப்பாக."

"அதுக்கு என்னலே? நல்ல காரியம் தானா அமைஞ்சு வருது."

"நமக்கு அமைஞ்சிருச்சு. அவியளுக்கு? நாம வந்து பொண்ணப் பாத்தோம், நடக்கச் சொன்னோம், படிப்பக் கேட்டோம். ஒனக்கு என்னப் பிடிச்சிருக்கான்னு அவியட்ட யாராச்சும் ஒருத்தர் கேட்டமா?" குரலை உயர்த்தவில்லை அவன். "காலையில வாடகையோட சாப்பாட்டுக்கும் சேத்துக் காசு குடுப்பேன். வாங்கிக்கிட்டாங்கன்னா ஓட்டல்ல தின்னதாப் போயிரும். யாருக்கும் யாரும் கட்டுப்படல."

"எனக்குப் பிடிச்ச பொண்ணுலே அவ!"

"எனக்கும்தாம்மா பிடிச்சிருக்கு" என்றான். "அதனாலதான் சொல்லுதேன்."

மாடிப்படித் திருப்பத்தில் ஒரு டம்ளர் வட்டிலில் இடிபட்ட சத்தம் கேட்டது. அப்புறம்தான் காலடி கீழே இறங்கியது.

பாண்டிதுரை அன்றைக்குக் கடைசிப் பந்தியில், கண்டக்டருக்குப் பக்கத்தில், வழிப்போக்கனோடு வழிப்போக்கனாக உட்கார்ந்து சாப்பிட்டான். யுவராணி எல்லாருக்கும் போட்ட மாதிரிதான் அவனுக்கும் போட்டாள். கூட ஒரு கரண்டி இல்லை, குறைய ஒரு கரண்டி இல்லை.

பாத்திரம் துலக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "ஏட்டி, என்னதான் நெனைக்க?"

"கரி போக மாட்டேங்குன்னு நெனைக்கேன்."

"வெளையாடாதட்டி. நல்ல பயலாத் தெரியுதான். இதையும் விட்டோம்னா..."

"விட்டா என்னம்மா? போறவன் வாரவனுக்கு எல போட்டுட்டுக் கெடக்கப் போறேன்."

வேலுத்தாய் துலக்கிய பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அது... அது ஒனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கும் காது இருக்கும்மா. நீ மறைச்சு வெச்சிருந்தியேன்னு நானும் தெரியாத மாதிரி இருந்துட்டேன்." யுவராணி அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். "அந்தக் கையாலதான் அந்தம்மாவுக்கு ஊட்டினேன். அவிய அதப் பத்தி ஒண்ணும் சொல்லல, அப்பளந்தான் கேட்டாவ."

அதற்குமேல் அவள் வாயிலிருந்து ஒன்றையும் பிடுங்க முடியவில்லை. வேலுத்தாய் ஈரக் கையால் மகளின் தலையைத் தடவினாள். எத்தனை மாசமாக ஒரே முள்ளை இரண்டு பேரும் தனித்தனியே வைத்துக்கொண்டு நடந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தாங்கவில்லை.

காலையில் வானம் கழுவிவிட்டது போல இருந்தது. மலையில் புதிதாக நாலைந்து அருவிகள் வெள்ளைக் கோடுகளாக இறங்கின. ஓடை வடிந்துவிட்டது, பஸ்கள் போக ஆரம்பித்துவிட்டன. அடுப்பில் முதல் ஈடு இட்லி வெந்துகொண்டிருந்தது. குருவம்மாளும் மகனும் பையோடு கீழே வந்து, கூடத்தில் உட்காராமல் நேரே மேஜைக்குப் போனார்கள். மகன் பேச்சைத் தட்ட முடியாமல் வந்திருந்தாள் அவள். போட வேண்டிய மாத்திரை பிரிக்காமல் கையிலேயே இருந்தது.

மேஜையில் அன்றைக்கு ஐயாதுரை இல்லை. யுவராணி உட்கார்ந்திருந்தாள். ஐயாதுரை பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். வேலுத்தாய் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் காசை வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. நல்ல மனுஷன், காசைக் கொடுத்துவிட்டு நல்லபடியாகப் போய்விடுவான்.

பாண்டிதுரை செல்போனை எடுத்தான். "எம்புட்டு ஆச்சுங்க?"

"ரூம் வாடகை எண்ணூறு" என்றாள் யுவராணி.

"சாப்பாடு?"

யுவராணி மேஜைமேல் இல்லாத தூசியைத் துடைத்தாள். "அதுக்கு வாங்குறதா இல்ல."

அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் புரிந்தது, ஐயாதுரையைத் தவிர. "ஏட்டி, ராத்திரிச் சாப்பாடு ரெண்டு, அதுல எக்ஸ்ட்ரா அப்பளம்..." என்று அவர் விரல் மடக்க ஆரம்பித்தார். வேலுத்தாய் ஓடிவந்து அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். எல்லையில் குண்டுச் சத்தத்துக்குப் பயப்படாத மனுஷர் "ஆத்தாடி!" என்று துள்ளினார். பிறகுதான் அவருக்கும் உறைத்தது. முகம் மலர்ந்துபோய், "அப்ப அந்த வாடகைய மட்டும் எதுக்கும்மா வாங்கணும்? அதுவும் வேண்டாம்னுரு" என்றார்.

"அதெப்படிப்பா?" என்றாள் யுவராணி. முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "பொண்ணு பாக்க வந்தவரு பொண்ணு வீட்டுலயே ராத் தங்குனாருன்னு நாளைக்கு எவளும் செருப்பு மாட்டிக்கிட்டே பேசிறக் கூடாது. இவிய தங்குனது லாட்ஜுல. அதுக்கு வாடக உண்டு. சாப்பிட்டது நம்ம வீட்டுல."

பாண்டிதுரையின் விரல் செல்போனில் இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தியது. மூன்றாவது தடவைதான் பணம் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறமும் போனைப் பைக்குள் வைக்காமல், யுவராணியையும் பார்க்க முடியாமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

குருவம்மாள் பையைக் கீழே வைத்தாள். முழங்காலை நீவிக்கொண்டே போய் முதல் மேஜையில் உட்கார்ந்தாள்.

"மதினி, எல போடு" என்றாள்.

"இந்தா வந்துட்டேன்க்கா... வந்துட்டேன், மதினி!" வேலுத்தாய்க்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை.

"நேத்து கெறக்கத்துல ஊட்டித் தின்னதெல்லாம் கணக்குல வராது. எம் மகன் சொல்றதும் சரிதான். முறைன்னா முறைதான். நானே பெசஞ்சு எங் கையால திங்கணும்." மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் டம்ளரைத் தானே இழுத்தாள். "ஏலே பாண்டி, காலண்டர்ல நாளு பாத்தது போதும், வந்து ஒக்காரு."

வேலுத்தாய் இட்லியை எடுத்து வந்தபோது கண்ணீரில் இலை எது மேஜை எது என்று தெரியவில்லை. மூன்றாவது இட்லியைத் தவறிப்போய் மேஜையிலேயே வைத்துவிட்டாள். குருவம்மாள் அதை எடுத்துத் தன் இலையில் போட்டு, சாம்பாரில் நன்றாகப் பிசைந்து, விரல் ஐந்தும் நனையச் சாப்பிட்டாள்.